கூப்பிடு தூரம்

செல்லமாயன் குடித்தால் சௌந்தரத்துக்குத் தலை வலிக்கும் என்பது கரட்டுப்பட்டியில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. மலையில் மழை பெய்தால் ஊர் ஓடையில் தண்ணீர் வருவதைப் போல அதுவும் நடந்துகொண்டிருந்தது, ஏன் நடக்கிறது என்று உட்கார்ந்து ஆராய ஊரில் யாருக்கும் பொழுதில்லை.

சௌந்தரம் என்கிற சௌந்தரபாண்டி, மலையடிவாரத்துக் கிராமங்களை டவுனோடு சேர்க்கிற மினி பஸ்ஸின் டிரைவர். பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு அவன் நாக்கில் பட்டதில்லை, அந்த வாடையே அவனுக்கு ஆகாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு தின்று முடித்ததும் கண்மாய் மடையோரத்தில் செல்லமாயன் துண்டை விரிக்கிறபோது, பக்கத்தில் சௌந்தரத்துக்கும் ஓர் இடம் தானாகவே விழுந்துவிடும். சலூன் வைத்திருக்கிற ஆசைத்தம்பி எதிரே உட்காருவான், இன்னும் யார் யாரோ வருவார்கள் போவார்கள், சௌந்தரம் ஒரு சோடாவை வைத்துக்கொண்டு அவர்களுடைய மிக்சரையும் அவித்த கடலையையும் காலி செய்துகொண்டிருப்பான். குடிக்காதவனுக்கு அங்கே என்ன வேலை என்று அவன் மனைவி ராமுத்தாய் கல்யாணமான புதிதில் கேட்டாள். செல்லமாயனைத் தனியே விட முடியாது என்றான் அவன். கிணற்றில் விழுந்த நாளிலிருந்து அது அப்படித்தான்.

அந்தக் கிணற்றுக் கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் செல்லமாயனும் அதைச் சொல்லாமல் எந்த ஞாயிற்றுக்கிழமையையும் விட்டதில்லை. பையன்களாக இருந்தபோது, நீச்சல் தெரியாத செல்லமாயன் வீறாப்பில் தோட்டத்துக் கிணற்றில் குதித்துவிட்டான், கீழே போனவன் மேலே வரவில்லை, சௌந்தரம் பின்னாலேயே குதித்து அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தான். குடிக்க உட்கார்ந்ததும் செல்லமாயன் இதை உள்ளது உள்ளபடி சொல்வான், கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். கொஞ்சம் ஏறியதும் இரண்டாம் தடவை சொல்வான், அதில் இரண்டு பேரும் சேர்ந்து முங்கிச் சேர்ந்தே மேலே வருவார்கள். மூன்றாம் தடவையில் முங்கினவன் சௌந்தரம், முடியைப் பிடித்துத் தூக்கினவன் செல்லமாயன், தூக்கிவிட்ட நன்றி எவனுக்காவது இருக்கிறதா என்று அவன் சுற்றியிருப்பவர்களை முறைக்க ஆரம்பிப்பான். அதற்குப் பிறகு கதை கிடையாது, வசவுதான். அந்த வசவு வீடுவரை அவனோடு நடந்து போய், மல்லிகைத் தோட்டத்தில் விடியுமுன்பிருந்தே குனிந்து பூவெடுத்துக் களைத்துக் கிடக்கிற அவன் மனைவி பவளக்கொடியின் தலையில் இறங்கும்.

இப்படியே போய்க்கொண்டிருந்த காலத்தில், ஓர் ஆடி மாதத்துத் திங்கட்கிழமை காலையில், சௌந்தரம் மண்டை பிளக்கிற வலியோடு எழுந்தான். வாயில் புளித்த நாற்றம், கண்ணில் நெருப்பு, தண்ணீர் குடித்தால் குமட்டல். அதே காலையில் செல்லமாயன் குளித்துவிட்டு வந்த கோயில் யானை மாதிரி பளிச்சென்று தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. பொழுது விடிந்தால் அடுத்தவன் தலையில் கைவைக்கிற தொழில் ஆசைத்தம்பிக்கு, ஆகவே அவன்தான் இதை முதலில் கண்டுபிடித்தான்: குடிக்கும்போது உள்ள குஷி எல்லாம் குடித்தவர்களுக்கு, எழுந்திருக்கும்போது உள்ள கஷ்டம் எல்லாம் சௌந்தரத்துக்கு. ஒரு வாரம் பஸ்ஸில் ஏதோ கோளாறு என்று சௌந்தரம் பாதியில் எழுந்து போனபோது, மடையோரத்தில் இருந்தவர்கள் பழையபடி அவரவர் போதையை அவரவரே சுமந்துகொண்டு தள்ளாடினார்கள். அதிலிருந்து இன்னொன்றும் தெரிந்தது. குடித்து முடிகிறவரை, சத்தம் போட்டுக் கூப்பிட்டால் சௌந்தரத்தின் காதில் விழுகிற தூரத்துக்குள் அவன் இருந்தால் போதும், நடுவில் அதைத் தாண்டிவிட்டால் செல்லாது. மடையிலிருந்து கூப்பிட்டால் குரல் எதுவரை போகும் என்று கரட்டுப்பட்டியில் எல்லாருக்கும் தெரியும், காலங்காலமாக வயலிலிருந்து ஆளைக் கூப்பிடுகிறவர்கள் அவர்கள். ஒற்றைப் பனையில் நன்றாகக் கேட்கும், சின்னப் பாலத்தில் தேய்ந்து கேட்கும், பாலத்தைத் தாண்டினால் கேட்காது.

ஊர் இதை அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை, வசதியாக எடுத்துக்கொண்டது. கல்யாண வீட்டில் சௌந்தரத்தைப் பந்தலுக்கு நடுவில் உட்காரவைத்தார்கள், யாரும் அவன் காதுக்கு எட்டாத இடத்தில் குடித்துவிடக் கூடாது என்பதற்காக. பெண்கள் அவன் வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்பினார்கள், வருசத்தில் முதல் முருங்கைக்காயைக் கொண்டுவந்து வைத்தார்கள், தங்கள் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் நேராக நடந்து வருகிறார், வந்ததும் சாப்பிட்டுப் படுக்கிறார், பிள்ளைகளிடம் பாடம்கூடக் கேட்கிறார், நீங்கள் நல்லா இருக்கணும் அண்ணே என்று கும்பிட்டார்கள். பவளக்கொடி கும்பிடவில்லை. அவள் விடிகாலை பஸ்ஸில் பூ மூட்டையோடு ஏறும்போதெல்லாம் ஒரு முழம் மல்லிகையை ஸ்டீயரிங்குக்கு மேலே இருந்த சாமி படத்தில் மாட்டிவிட்டு, அவன் சிவந்த கண்ணைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள்.

டவுன் எல்லையில் போலீஸ்காரர் ஒருநாள் பஸ்ஸை நிறுத்தி, சௌந்தரத்தைக் குழாயில் ஊதச் சொன்னார். குழாய் கீச்சென்று கத்தியது. உடனே பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் மூட்டை முடிச்சோடு இறங்கி அவரைச் சூழ்ந்துகொண்டு, இது இவர் குடித்தது இல்லை, செல்லமாயன் குடித்தது என்று விளக்கினார்கள். போலீஸ்காரரும் பக்கத்துக் கிராமத்துக்காரர்தான், காது கொடுத்துக் கேட்டார். அந்தச் செல்லமாயனைக் கொஞ்சம் பார்த்துக் குடிக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியை நிறுத்தினார். ஆனால் பஸ் முதலாளிக்குச் சொந்த ஊர் வேறு. இன்னொரு தடவை அந்தக் குழாய் கத்தினால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

ஊர் செய்த தப்பு இதற்குப் பிறகுதான். மடையோரத்தில் இருக்கிற மடைக்கருப்புக்கு வருசா வருசம் கிடாவெட்டு, சாமிக்குச் சாராயமும் சுருட்டும் படையல். கருப்பு எவ்வளவு குடித்தாலும் தள்ளாடுவதில்லையே, அந்தப் போதை எங்கே போகிறது என்று பூசாரி ஊர்க்கூட்டத்தில் ஒரு கேள்வி போட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. யாராவது ஒருத்தன் வாங்கிக்கொள்கிறான், இந்தத் தலைமுறையில் அது சௌந்தரம் என்று அவரே பதிலும் சொன்னார். அந்த வருசம் சாமிக்கு அடுத்த பரிவட்டம் சௌந்தரத்தின் தலையில் கட்டப்பட்டது, ஊர்ப் பெரியவர்களுக்குப் போக வேண்டிய கிடாயின் தலைக்கறி அவன் இலைக்கு வந்தது. வலிக்கிறது என்று ஒருவன் சொல்லலாம், மரியாதை செய்த பிறகு எப்படிச் சொல்வது? சௌந்தரம் பரிவட்டத்துக்கு மேலேயே நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

முதலில் தலைவலி மட்டும்தான் வந்தது. பிறகு தள்ளாட்டம் வந்தது. அந்தக் கிடாவெட்டுக்குப் பிறகு, பேச்சும் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய வீட்டுக்கு வந்த சௌந்தரம், தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்த ராமுத்தாயைப் பார்த்து, உங்கப்பன் கொடுத்த ஒற்றைக் கொம்பு மாட்டைக் கட்டிக்கொண்டு நான் என்ன பாடுபடுகிறேன் தெரியுமா என்று கத்தினான். ராமுத்தாயின் அப்பா கொடுத்தது ஒரு தையல் மிஷின். மாடே கொடுக்கவில்லையே என்று அவள் சிரித்துவிட்டாள். அடுத்த வாரம் அந்த ஏச்சில் மாட்டோடு மாடாக அவளுடைய அம்மாவும் வந்தாள், அதற்கடுத்த வாரம் வாயில் வைக்கக் கூடாத வார்த்தைகள் வந்தன, அதற்கும் அடுத்த வாரம் சோற்றுத் தட்டு பறந்து போய்ச் சுவரில் மோதியது. அவன் மகள் ஜெயப்பிரியா உட்கார்ந்து தரையில் கிடந்த பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். சௌந்தரத்தின் உள்ளே இருந்த சௌந்தரம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தான், ஆனால் வாயும் கையும் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. காலையில் அடுப்படியில் போய் நின்று அழுதான்.

ராமுத்தாய் அவனுக்கு மோரை ஆற்றிக் கொடுத்தாள். "இந்தாங்க. இது ஒங்க பேச்சு இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா என் காதுக்குத் தெரிய மாட்டேங்குதே" என்றாள்.

அன்றைக்கு இரண்டாவது ட்ரிப் போகும்போது, கண்மாய்க்கரை வளைவில் ஒரே ரோடு இரண்டு ரோடாகத் தெரிந்தது. எது நிஜமான ரோடு, எது தண்ணீருக்குள் போகிற ரோடு என்று சௌந்தரத்தால் சொல்ல முடியவில்லை, பின்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸை நிறுத்தி ஸ்டீயரிங்கின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். யாரும் கோபப்படவில்லை. ரயில்வே கேட் திறக்கக் காத்திருப்பவர்களைப் போல அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் நேற்று செல்லமாயன் கொஞ்சம் அதிகமாகத்தான் போட்டுவிட்டான் என்றார், இன்னொருவர் பேப்பரை விரித்தார். அந்த அமைதிதான் சௌந்தரத்தைப் பயமுறுத்தியது. இந்த ஜனங்கள் தன்னோடு தண்ணீருக்குள் வருவதாக இருந்தாலும் இப்படியே பேசாமல் வருவார்கள் என்று அவனுக்குத் தோன்றியது.

அவனுக்கு அப்போது புரிந்துவிட்டது, மடையோரத்திலிருந்து எழுந்து போயாக வேண்டும். ஆனால் எழுந்து போனால் அந்தப் பேச்சும் தட்டும் எந்த வீட்டுச் சுவருக்குப் போகும் என்பதும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் சௌந்தரம் சரியாகச் சாப்பிடாமல் மெலிந்துகொண்டே வந்தான். அடுத்த கிடாவெட்டும் வந்தது.

கிடாவெட்டன்று விடிகாலை, பவளக்கொடி பூ மூட்டையோடு ஒரு துணிப்பையையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி, எஞ்சினை ஒட்டிய சீட்டில் வந்து உட்கார்ந்தாள். பஸ் பாலத்தைத் தாண்டும்வரை பேசவில்லை.

"மதினிகிட்ட ஒத்தைக் கொம்பு மாட்டைப் பத்திப் பேசுனீங்களாமேண்ணே" என்றாள்.

சௌந்தரம் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அது எங்கப்பா குடுத்த மாடு. அந்தப் பேச்சு எனக்கு வர வேண்டியது. இம்புட்டு நாளா ஒங்க வீட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கு, நான் பாட்டுக்கு நிம்மதியாத் தூங்கிக்கிட்டு இருக்கேன். நான் தூங்குனது போதும்ண்ணே. இன்னைக்கு நீங்க எந்திரிச்சுப் போயிருங்க."

"நான் போயிட்டா அது ஒங்கிட்டல்ல தாயி வரும்?"

"வீட்டுல ஆள் இருந்தாத்தான வரும்? பூவைப் போட்டுட்டு நான் அப்படியே எங்கம்மா வீட்டுக்குப் போறேன். அவரு பேசுறதை அவரே கேக்கட்டும்."

பூ மார்க்கெட்டில் இறங்கும்போது வழக்கம்போல ஒரு முழம் மல்லிகையைச் சாமி படத்தில் மாட்டினாள். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

மத்தியானம் மாற்று டிரைவரிடம் பஸ்ஸைக் கொடுத்துவிட்டு சௌந்தரம் மடையோரத்துக்குப் போனபோது, கிடாக்கள் வெட்டி, கறி வெந்து, ஊர் ஆம்பளைகள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பூசாரி பரிவட்டம் கட்டினார். இலையில் தலைக்கறி வந்து விழுந்தது. பாட்டில்கள் திறந்தன, இந்தத் தடவை யாரும் அளவு பார்க்கவில்லை, சௌந்தரம் இருக்கும்போது அளவு எதற்கு? செல்லமாயன் தன் இலையிலிருந்த நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து சௌந்தரத்தின் இலையில் வைத்தான், சின்ன வயதிலிருந்தே அப்படி வைக்கிறவன் அவன். பிறகு சௌந்தரத்தின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு கிணற்றுக் கதையை அன்றைக்கு முதல் தடவை சொன்னான். எவ்வளவு நன்றாகச் சொன்னான்! இருட்டுத் தண்ணீர், காதில் இரைச்சல், முடியை யாரோ பிடித்து இழுத்த அந்தக் கை, மேலே வந்ததும் முதலில் தெரிந்த கொக்கு. சௌந்தரம் எல்லாரையும் போலச் சிரித்தான், எல்லாரையும் போலக் கண்ணைத் துடைத்தான். இந்தச் செல்லமாயனுக்காகத்தான் அவன் இத்தனை வருசம் இங்கே உட்கார்ந்திருந்தான். இந்தச் செல்லமாயன்மேல் அவனுக்கு இருந்த பிரியத்துக்கு அளவே கிடையாது.

கொஞ்ச நேரம் போனது. செல்லமாயன் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "நாங்க ரெண்டு பேரும் சேந்து முங்குனோம் பாருங்க" என்று ஆரம்பித்தான்.

சௌந்தரம் இலையைத் தன் பக்கமாக மடித்தான். எழுந்து கை கழுவினான். பரிவட்டத்தை அவிழ்த்துக் கருப்பின் காலடியில் வைத்துக் கும்பிட்டான்.

"எங்க மாப்ள?" என்றான் செல்லமாயன்.

"வீட்டுக்கு."

"கதை இன்னும் முடியலையே."

"முடிஞ்சிருச்சு மாப்ள. மொதத் தடவையே நல்லா முடிஞ்சிருச்சு."

சொல்லிவிட்டு நடந்தான். பின்னால் முதலில் சிரிப்புக் கேட்டது, அப்புறம் பூசாரியின் குரல், சாமி மரியாதையை இப்படி உதறக் கூடாது என்று, அப்புறம் ஆசைத்தம்பி, சோடா வாங்கியாச்சுப்பா என்று, அப்புறம் எல்லாக் குரலையும் தள்ளிக்கொண்டு செல்லமாயன் மட்டும். மாப்ளே என்று கூப்பிட்டான், ஒற்றைப் பனை வந்தது. சௌந்தரபாண்டி என்று முழுப்பேரைச் சொல்லிக் கூப்பிட்டான், பனை பின்னால் போனது. பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பேரைச் சொல்லிக் கூப்பிட்டான், அதை அவன் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது, சௌந்தரத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சின்னப் பாலத்தில் கால் வைத்தபோது கடைசியாக ஒரு குரல் வந்தது. அதில் பேர் இல்லை, வார்த்தை இல்லை, கிணற்றுக்குள் முங்குவதற்கு முன்னால் அந்தப் பையன் போட்ட அதே சத்தம்.

சௌந்தரம் நின்றுவிட்டான். திரும்பிப் போகச் சொல்லி அவன் கால் துடித்தது. அந்தச் சத்தம் கேட்டுக் குதிக்காமல் இருந்தது அவன் ஆயுசிலேயே கிடையாது. அப்போதுதான் கதையில் செல்லமாயன் ஒருதடவைகூடச் சொல்லாத ஒன்று ஞாபகம் வந்தது. முடியைப் பிடித்து இழுத்தபோது செல்லமாயனும் காலை உதைத்தான், பயந்துபோய், மூச்சுத் திணறி, தவளை மாதிரி உதைத்தான், அவன் உதைத்ததால்தான் இரண்டு பேரும் மேலே வந்தார்கள். இந்த ஒன்றிரண்டு வருசமாக அவன் காலை உதைப்பதே இல்லை. இவன் இழுப்பான் என்று சும்மா கிடக்கிறான்.

பாலத்தைத் தாண்டினான். குரல் நின்றது. ஒரு டீக்கடை ரேடியோ கேட்டது, தவளைச் சத்தம் கேட்டது, அவன் தலை லேசாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சோறு கேட்டான். ராமுத்தாய் தட்டை வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளியே நின்றாள். குழம்பு நன்றாக இருக்கிறது என்று அவன் சொன்னான், ஜெயப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் காலையில் கரட்டுப்பட்டி முழுக்க ஆம்பளைகள் தலையில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சலூன் திறக்கவில்லை. கருப்புக்கு விளக்குப் போடப் பூசாரிக்குப் பதில் அவர் தம்பி போனார். சிலபேர் சௌந்தரத்தைத் திட்டினார்கள், அவன் குனிந்து கேட்டுக்கொண்டான். பெண்கள் மோர் கரைத்தார்கள், ஒன்றிரண்டு வீடுகளில் அதுவும் கரைக்கவில்லை. அடுத்த கிடாவெட்டுக்கு அளவு குறைக்கலாமா என்று ஒருவர் முனகியதாகவும், அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை என்றும் பிற்பாடு கேள்வி.

விடிந்து போகிற இரண்டாவது ட்ரிப்புக்குச் செல்லமாயன் வந்தான். கண் இரண்டும் சிவந்து, ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, படியில் ஏறக் கம்பியைத் தேடினான். கடைசி சீட்டுக்குப் போகப் பார்த்தவனை, அங்கே தூக்கித் தூக்கிப் போடும் என்று சொல்லி சௌந்தரம் எஞ்சினை ஒட்டிய சீட்டில் உட்காரவைத்தான். அந்த வலி எப்படி இருக்கும் என்று சௌந்தரத்தைவிடத் தெரிந்தவர்கள் யார்? கையை நீட்டி வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கிக்கொண்டிருப்பான், அவ்வளவு ஆசையாக இருந்தது. நீட்டவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுத்துக் கொடுத்தான்.

"வீட்டுல யாரும் இல்ல மாப்ள" என்றான் செல்லமாயன். "நான் பேசுனது பூராம் எனக்கே கேட்டுச்சு."

சௌந்தரம் கியரை மாற்றினான். குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பக்கத்தில் இருப்பவனின் தலை அசையாத மாதிரி பஸ்ஸை ஊரவிட்டான். நடந்து போகிறவர்கள்கூட முந்திப் போனார்கள், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று பிள்ளைகளும் கத்தவில்லை. கண்மாய்க்கரை வளைவில் ரோடு ஒன்றுதான் இருந்தது.

"கெணத்துல நீதான என்னையத் தூக்குன?" என்றான் செல்லமாயன்.

"நீயும் காலை ஒதச்ச" என்றான் சௌந்தரம்.

செல்லமாயன் அதை யோசித்துக்கொண்டே வந்தான். இரண்டாம் தடவை சொல்லவில்லை.

பவளக்கொடியின் அம்மா ஊர் நிறுத்தத்தில் பஸ் நின்றது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் அந்த வீடு தெரிந்தது, வாசலில் பவளக்கொடி பூ கட்டிக்கொண்டிருப்பதும் தெரிந்தது. செல்லமாயன் இறங்கினான். நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான், எப்போதும் இந்த மாதிரி நேரத்தில் முன்னால் போய்ச் சமாதானம் பேசுகிறவன் சௌந்தரம்தான்.

சௌந்தரம் சீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. "நீயே போ மாப்ள. நீயே பேசு. நான் இங்கனதான் நிக்கிறேன்" என்றான்.

செல்லமாயன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்து நடந்தான். பஸ் முழுக்க ஜனங்கள் காத்திருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கட்டும் என்று சௌந்தரம் எஞ்சினை அணைத்தான்.